நீர்நாய்க்கு ஏற்ற வீடு: அட்டுவம்பட்டி ஓடை கற்பிக்கும் பாடம்

கொடைக்கானல் ஏரிக்கரையின் ஆரவாரத்தைப் பின்னே விட்டு, வில்பட்டி நோக்கிச் செல்லும் சாலையில் இறங்குவோர்க்குச் சிறிது தொலைவிலேயே மலையின் மற்றொரு முகம் தென்படத் தொடங்குகிறது. படகுகளும் குதிரைகளும் சோளக்கதிர் சுடும் கடைகளும் மறைந்து, படிப்படியாக வெட்டப்பட்ட விளைநிலங்கள் கண்முன் விரிகின்றன. காரட்டும் உருளைக்கிழங்கும் பீன்சும் பூண்டும் விளையும் அந்நிலங்களின் நடுவே அமைந்த சிற்றூரே அட்டுவம்பட்டி. 1984ஆம் ஆண்டில் தமிழக அரசு நிறுவிய அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகத்தின் வளாகம் இங்கே இருப்பதால், இவ்வூரின் பெயர் மலைக்கு வெளியிலும் ஓரளவு அறியப்பட்டிருக்கிறது.

ஆயினும், சுற்றுலாவுக்கென வருகிறவர்கள் இங்கே நிற்பது அரிது. பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். இருப்பது ஓடைகள். பாறைகளுக்கிடையே நெளிந்தும், புல்மேட்டின் அடியில் மறைந்தும், மீண்டும் வெளிப்பட்டும் ஓடும் சின்னஞ்சிறு மலையோடைகள். வடபுறச் சரிவில் இறங்கும் நீர் பழனிப் பக்கத்துச் சமவெளிக்குச் சென்று சண்முகநதி வழியே அமராவதியைச் சேருகிறது. தென்புறம் இறங்குவது வைகைக்குப் போகிறது. மலைமேல் ஒரு முழ அகலமே உள்ள ஓடைதான் கீழே நம்முடைய குடிநீராகவும் நெல்வயலாகவும் மாறுகிறது என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம்.

இத்தகைய ஓடைகளுக்கு உரிமை கொண்டாடும் பழங்குடி ஒன்று உண்டு. அது மனிதக் குடியன்று, நீர்நாய்க் குடி. அதனைப் பற்றியும், மனிதன் அதனைப் பிடித்து வைத்துக் காட்டுவதானால் எப்படிக் காட்டவேண்டும் என்பது பற்றியும் சிந்திப்பதே இக்கட்டுரையின் நோக்கம். நம் குடும்பங்களில் ஆண்டுக்கு ஒருமுறையேனும் குழந்தைகளை மிருகக்காட்சிசாலைக்கு அழைத்துச் செல்கிறோம் அல்லவா? அங்கே எதைப் பார்க்கவேண்டும், எதைக் கேட்கவேண்டும் என்பதைத் தெரிந்துகொண்டு போவது நல்லது.

நீரில் வாழும் குடும்பம்

நாய் என்று பெயர் பெற்றிருந்தாலும் நீர்நாய் நாயினத்தைச் சேர்ந்ததன்று. நீண்ட உடலும் குறுகிய கால்களும் தடித்த வாலும் விரலிடைத் தோலும் கொண்ட தனியினம் அது. நீரில் மூழ்கும்போது தன் செவித்துளையையும் நாசித்துளையையும் மூடிக்கொள்ளும். கலங்கிய நீரில் கண் உதவாதபோது, மீசைமயிர்களே இரையின் அசைவை உணர்த்தும். தமிழர்க்கு இது புதிய விலங்கும் அன்று. சங்கப் புலவர்கள் மருதநிலத்துப் பொய்கைகளைப் பாடும்போது, வாளைமீனை இரையாகக் கொள்ளும் நீர்நாயையும் கண்டு பாடியிருக்கிறார்கள்.

இந்தியாவில் மூவகை நீர்நாய்கள் உள்ளன. ஐரோப்பா முதல் ஆசியா வரை பரவியுள்ள யூரேசிய நீர்நாய் ஒன்று. காவிரி, மோயாறு, அமராவதி ஆகிய ஆறுகளிலும் தேக்கடி ஏரியிலும் கூட்டமாக மீன்பிடிக்கும், வழுவழுப்பான மயிர்ப்போர்வை கொண்ட பெரிய நீர்நாய் மற்றொன்று. மூன்றாவது வகை சிறுநக நீர்நாய். உலகிலுள்ள நீர்நாய்களுள் எல்லாவற்றிலும் சிறியது இதுவே. வளர்ந்த விலங்கும் பெரும்பாலும் 3 கிலோ அளவே இருக்கும். தென்னிந்தியாவில் குடகு, நீலகிரி, ஆனைமலை, பழனிமலை போன்ற உயர்ந்த மலைகளின் ஓடைகளே இதன் இருப்பிடம். வால்பாறைத் தேயிலை, காப்பித் தோட்டங்களின் ஊடே ஓடும் ஓடைகளிலும் இது வாழ்வதை ஆய்வாளர்கள் கண்டறிந்துள்ளனர்.

இதன் முன்னங்கை வியப்புக்குரியது. நகங்கள் மிகச் சிறுத்து, விரல்கள் ஏறக்குறைய நம் விரல்களைப்போலத் தனித்தனியே இயங்கும். பெரிய நீர்நாய் வாயால் மீனைக் கவ்வும். இதுவோ கையால் தடவித் தேடும். பாறையிடுக்கில் கையை விட்டு நண்டை வெளியே எடுக்கும். சேற்றைத் துழாவி நத்தையைக் கண்டுபிடிக்கும். ஆகவே இதன் முக்கிய உணவு மீன் அன்று, நண்டே. ஓடைக்கரைப் பாறைமேல் நண்டோட்டுத் துணுக்குகள் நிறைந்த எச்சம் கிடந்தால், இக்குடும்பம் அவ்வழியே சென்றிருக்கிறது என்று அறியலாம்.

குடும்பம் என்ற சொல்லை அலங்காரத்துக்காகச் சொல்லவில்லை. சிறுநக நீர்நாய் இணைபிரியாது வாழும் இயல்புடையது. ஏறத்தாழ 60 நாள் சூலுக்குப் பின் தாய் குட்டிகளை ஈனும். குட்டிகள் கண் திறவாமலே பிறக்கும். கண் திறக்க ஏறக்குறைய 40 நாட்கள் ஆகும். அக்காலத்தில் தந்தை வளையைச் சீர்செய்வதும், இரை கொண்டுவருவதும், காவல் காப்பதுமாக இருக்கும். முந்தைய ஈற்றுப் பிள்ளைகளும் வீட்டை விட்டுப் போய்விடாமல் தம்பி தங்கைகளைப் பேணும். இவ்வாறு பத்துப் பன்னிரண்டு உயிர்கள் ஒரே குடும்பமாகச் சேர்ந்து வாழ்வதும் உண்டு. ஒன்றையொன்று அழைப்பதற்கும் எச்சரிப்பதற்கும் கொஞ்சுவதற்கும் வெவ்வேறு குரல்கள் அவற்றிடம் உள்ளன.

இத்தகைய விலங்கைக் கூண்டில் வைத்துக் காட்டுவதென்றால், எத்தனை செய்திகளைக் கருதவேண்டும் என்பது இப்போதே ஓரளவு விளங்கும்.

பஞ்சடைத்த உருவமும் உயிருள்ள காட்சியும்

கொடைக்கானலுக்கு அருகே செண்பகனூரில், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இயேசு சபையினர் நிறுவிய திருஇருதயக் கல்லூரியைச் சார்ந்து ஓர் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் உண்டு. பதப்படுத்தப்பட்ட விலங்குகளும் பறவைகளும் பூச்சிகளும் அங்கே பாதுகாக்கப்படுகின்றன. பழனிமலையின் தாவரங்களை ஆராய்ந்து தொகுத்து நூலாக்கிய அருள்தந்தை கே. எம். மாத்யூ அவர்களும், 2004ஆம் ஆண்டு மறையும் வரை, இம்மலையின் இயற்கைச் செல்வத்தைக் காப்பதற்காக உழைத்தவர். குருக்களும் துறவியரும் செடிகொடிகளையும் சிற்றுயிர்களையும் பெயர் சொல்லி அறிந்து வைத்த மலை இது.

பதப்படுத்திய உடல் ஒரு விலங்கின் வடிவத்தைக் காட்டும். அதன் வாழ்வைக் காட்டாது. அதைக் காட்டத்தான் மிருகக்காட்சிசாலைகள் எழுந்தன. சென்னையில் 1855இல் எட்வர்டு பால்ஃபோர் முயற்சியால் அருங்காட்சியகத்தின் ஓர் அங்கமாகத் தொடங்கிய மிருகக்காட்சிசாலை, பின்னர்ப் பூங்கா நகருக்கு மாறி, நூறாண்டுக்கு மேல் அங்கே இயங்கியது. இரும்புக் கம்பிகளும் சிமெண்டுத் தரையுமே அக்காலத்துக் கூண்டுகள். 1985இல் அது வண்டலூருக்குப் பெயர்ந்து, அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவாக விரிந்தபோது, கம்பிகளுக்குப் பதில் அகழிகள் சூழ்ந்த திறந்த வெளிகள் அமைந்தன. இம்முறைக்கு வழிகாட்டியவர் ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரில் கம்பியில்லாத காட்சிசாலையை 1907இல் திறந்த கார்ல் ஹாகன்பெக்.

ஆனால் கம்பியை அகற்றிவிட்டால் மட்டும் நல்ல காட்சி ஆகிவிடாது. நீர்நாய்களைப் பொறுத்தவரை, உலகின் பல இடங்களில் நெடுங்காலம் கையாளப்பட்ட முறை ஒன்றே. ஆழமான சிமெண்டுக் குழி. நடுவே ஒரு தொட்டி. சுற்றுச்சுவரின் மேல் நின்று குனிந்து பார்க்கும் மக்கள். அந்நிலையில் விலங்குக்கு மறைய இடமில்லை. மேலே எத்திசையில் நோக்கினும் மனிதமுகம். அது சுவரோரமாக ஒரே தடத்தில் முன்னும் பின்னும் ஓடிக்கொண்டிருக்கும். பார்ப்பவர்கள், ஆகா, எவ்வளவு சுறுசுறுப்பு என்று மகிழ்வார்கள். அது சுறுசுறுப்பன்று, செய்வதற்கு வேறொன்றும் இல்லாத துன்பம்.

ஓடை கற்பிக்கும் ஐந்து பாடங்கள்

நல்ல வீடு எது என்று அறிய, அட்டுவம்பட்டியைப் போன்ற ஒரு மலையூரின் ஓடையைக் கூர்ந்து பார்த்தாலே போதும்.

முதற்பாடம், உலர்ந்த நிலம். நீர்நாய் என்றதும் நாம் நீரையே நினைக்கிறோம். பெரிய குளம் வெட்டிவிட்டால் அதற்குப் போதும் என்று கருதுகிறோம். உண்மை வேறு. திமிங்கலத்துக்கும் கடற்சிங்கத்துக்கும் உள்ளதுபோல் இதன் தோலுக்கடியில் தடித்த கொழுப்புப் படலம் இல்லை. குளிரிலிருந்து இதனைக் காப்பது இரட்டை அடுக்கு மயிர்ப்போர்வையும் அதனுள் சிறைப்படும் காற்றுமே. நீரை விட்டு ஏறியதும் புல்லிலும் மணலிலும் புரண்டு, மயிரைக் கோதி உலர்த்திக்கொண்டால்தான் அப்போர்வை மீண்டும் பயன்படும். எப்போதும் ஈரமாயிருக்கும் சிமெண்டுத் தரையில் அது இயலாது. மயிர் நனைந்து ஊறிக் குளிர் உள்ளேறும். நுரையீரல் நோய் வரும். ஆகவேதான், சிறுநக நீர்நாயின் இருப்பிடத்தில் ஒரு பங்கு நீருக்கு மூன்று நான்கு பங்கு நிலம் வேண்டும் என்று அறிந்தோர் வற்புறுத்துகிறார்கள். அந்நிலமும் வெறுந்தரையாயிருத்தல் ஆகாது. மண், மணல், சருகு, புல், பொந்துள்ள மரக்கட்டை, வெயில் விழும் பாறை, நிழல் தரும் புதர் ஆகியவை கலந்திருக்கவேண்டும்.

இரண்டாம் பாடம், ஒரே சீராக இல்லாத நீர். ஓடை ஓரிடத்தில் கணுக்காலளவு, ஓரிடத்தில் இடுப்பளவு. ஓரிடத்தில் விரைவு, ஓரிடத்தில் தேக்கம். நான்கு மூலையும் செங்குத்தான தொட்டியில் இவை எதுவும் இல்லை. நல்ல காட்சியகத்தில் நீர் ஓடிக்கொண்டேயிருக்கும். ஆழம் மாறிமாறி அமையும். பல இடங்களில் ஏறி இறங்கச் சரிவுகள் இருக்கும். கைவிட்டுத் துழாவும் விலங்குக்குக் கூழாங்கல்லும் பாறையிடுக்கும் நிறைந்த ஆழமற்ற நீரே இன்பம். குட்டி ஈன்ற காலத்தில் நீர்மட்டத்தைக் குறைக்கவேண்டும் என்பதையும் பொறுப்புள்ள காப்பாளர் அறிவர். நீர்நாய்க் குட்டி பிறவியிலேயே நீந்தத் தெரிந்ததன்று. ஏறத்தாழ மூன்று மாதமாகும்போதுதான் பெற்றோர் அதனை நீருக்குப் பழக்குகின்றன. அதற்கு முன் ஆழ்நீரில் விழுந்தால் மூழ்கி இறந்துபோகும்.

மூன்றாம் பாடம், மறைவிடம். ஓடைக்கரை வேர்களுக்கும் பாறைகளுக்கும் அடியில் எத்தனையோ வளைகள் உண்டு. ஒன்றில் அச்சம் தோன்றினால் மற்றொன்றுக்குத் தாயானவள் குட்டிகளைக் கவ்விக்கொண்டு போய்விடுவாள். காட்சிசாலையிலும் ஒன்றுக்கு மேற்பட்ட உலர்ந்த, வெதுவெதுப்பான, இருண்ட அறைகள் வேண்டும். மக்கள் எல்லாப் பக்கமும் சூழ்ந்து நிற்காமல் ஓரிரு பக்கத்தில் மட்டும், அதுவும் விலங்கின் கண்மட்டத்தில் நின்று பார்க்கும்படி அமைக்கவேண்டும். நீருக்கடியில் அது நீந்தும் அழகைக் காணக் கண்ணாடிச் சுவர் வைப்பது சிறந்ததே. ஆனால் பார்க்கப்படாமலிருக்கும் உரிமையும் அதற்கு இருக்கவேண்டும். அரைமணி காத்திருந்தும் நீர்நாய் தென்படவில்லையே என்று நாம் சலித்துக்கொள்கிறோம். அது மறைந்திருக்க இடம் பெற்றிருக்கிறது என்பதே அக்காட்சியகம் நல்லது என்பதற்கு ஓர் அடையாளம்.

நான்காம் பாடம், உழைத்து உண்ணல். இவ்விலங்கின் உடல் உணவை மிக விரைவாக எரித்துவிடுகிறது. உண்டது ஏறக்குறைய மூன்று மணி நேரத்திலேயே குடலைக் கடந்துவிடும். நாள்தோறும் தன் எடையில் நூற்றுக்கு 15 முதல் 20 பங்கு வரை உண்ணவேண்டும். 3 கிலோ எடையுள்ள விலங்குக்கு 450 முதல் 600 கிராம். எட்டு உயிருள்ள குடும்பத்துக்கு நாளொன்றுக்கு 4 கிலோ அளவு. இதனை ஒரே வேளையில் தட்டில் வைத்துவிட்டால், மீதி நேரமெல்லாம் அது வேலையற்று வாடும். பலமுறையாகப் பிரித்து, கல்லிடுக்கிலும் மூங்கில் குழாயிலும் ஒளித்துவைத்து, உயிர்நண்டை நீரில் விட்டு, தேடி உண்ணச் செய்வதே முறை. நண்டோடு கடிப்பது பல்லுக்கும் நல்லது. உறையவைத்த மீனை மட்டுமே கொடுத்தால், மீனிலுள்ள ஒரு நொதி பி-1 உயிர்ச்சத்தைச் சிதைத்துவிடும். அதைத் தனியே சேர்த்துக் கொடுக்கவேண்டும். அடைபட்ட சிறுநக நீர்நாய்களுக்குச் சிறுநீரகக் கல் மிகுதியாக வருவதும் உலகெங்கும் காணப்பட்ட துன்பம். உணவைப் பற்றிய அக்கறை எவ்வளவு இன்றியமையாதது என்பதற்கு இதுவே சான்று.

சிறு கூழாங்கல்லை இது கைகளுக்கிடையே மாறிமாறி எறிந்து பிடித்து விளையாடுவதைக் கண்டு பிள்ளைகள் கைகொட்டிச் சிரிப்பார்கள். இங்கிலாந்து நாட்டு எக்ஸிடர் பல்கலைக்கழகத்தினர் இதனை ஆராய்ந்து 2020இல் வெளியிட்டார்கள். உணவு வேளை நெருங்கிப் பசி எடுக்கும்போதுதான் இவ்விளையாட்டு மிகுதியாகிறது என்று அவர்கள் கண்டார்கள். நாம் வேடிக்கை என்று எண்ணுவதெல்லாம் வேடிக்கைதானா என்று நின்று எண்ணிப்பார்க்க இது நமக்குக் கற்பிக்கிறது.

ஐந்தாம் பாடம், உறவும் மணமும். தனி நீர்நாய் ஒன்றைக் கூண்டில் வைப்பது, கூட்டுக்குடும்பத்தில் பிறந்த ஒருவரை ஆளில்லா வீட்டில் பூட்டுவதற்கு ஒப்பாகும். சிறுநக நீர்நாயை இணையாகவோ குடும்பமாகவோதான் வைக்கவேண்டும். அறிமுகமற்ற இரண்டைத் திடீரென ஒன்றாக அடைத்தால் கடும்போர் மூளும். வேலிக்கு இருபுறமும் வைத்து முகர்ந்து பழகவிட்ட பின்னரே சேர்க்கவேண்டும். அவை தம் எச்சத்தின் மணத்தால் இது நம் வீடு என்று குறித்துவைக்கின்றன. தூய்மை என்ற பெயரால் நாள்தோறும் எல்லா இடத்தையும் மருந்திட்டுக் கழுவிவிட்டால், ஒவ்வொரு காலையிலும் அவை அயல்வீட்டில் கண்விழித்தது போலாகும். நீர் தெளிவாயிருக்கவேண்டும், தரை தூய்மையாயிருக்கவேண்டும், ஆயினும் அவற்றின் அடையாளம் சிறிதேனும் எஞ்சியிருக்கவேண்டும். நல்ல காப்பாளருக்கு இந்த நயம் தெரியும்.

சட்டமும் நம் கடமையும்

நம் நாட்டில் மிருகக்காட்சிசாலைகளைக் கண்காணிக்க 1992 முதல் மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் இயங்குகிறது. அதன் ஏற்பிசைவு இன்றி எவரும் காட்சிசாலை நடத்த முடியாது. காட்சிசாலையின் தலையாய நோக்கம் காட்டுயிர்ப் பாதுகாப்புக்குத் துணைநிற்பதே என்று 1998இல் வெளியான தேசியக் கொள்கை அறிவிக்கிறது. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் பின்னர்ச் சேர்க்கப்பட்ட ஒரு பிரிவு, பார்வையாளர்கள் விலங்குகளைச் சீண்டுவதையும் அவற்றுக்குத் தின்பண்டம் கொடுப்பதையும் குற்றமாக்குகிறது. ஆகவே, நம் குழந்தை பொரியை வீசும்போது நாம் சிரித்துக்கொண்டு நிற்பது, சட்டப்படியும் தவறு, அறப்படியும் தவறு. நோயும் நம்மிடமிருந்து அவற்றுக்குச் செல்லக்கூடும். 2021ஆம் ஆண்டு ஏப்ரலில், அமெரிக்காவின் அட்லாண்டா நகரிலுள்ள ஜார்ஜியா நீர்வாழ் காட்சியகத்தில் சிறுநக நீர்நாய்களுக்குக் கொரோனா நோய் கண்டது நினைவிருக்கட்டும்.

இன்னொரு தீமையும் அண்மைக்காலத்தில் வளர்ந்தது. நீர்நாயை வீட்டில் வளர்ப்பதும், ஜப்பானில் தேநீரகங்களில் காட்சிப்பொருளாக்குவதும் நாகரிகமாயிற்று. கைப்பேசியில் பரவிய படங்களில் குட்டி நீர்நாய்கள் மடியில் தவழ்ந்தன. அப்படங்களின் பின்னே, தென்கிழக்காசிய ஓடைகளில் திருடப்பட்ட குட்டிகளும் கொல்லப்பட்ட தாய்களும் இருந்தார்கள் என்பதைப் பார்த்து மகிழ்ந்தோர் அறியவில்லை. 2019ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஜெனீவாவில் கூடிய உலக நாடுகள், சிறுநக நீர்நாயையும் வழுவழுப்பான மயிருள்ள நீர்நாயையும் பன்னாட்டு வணிகம் தடுக்கப்பட்ட உயிர்களின் பட்டியலில் சேர்த்தன. இவ்விரண்டும் அழிவை எதிர்நோக்கும் நிலையில் இருப்பவை என்றே பன்னாட்டு அமைப்புகள் குறித்துள்ளன.

கூரையில்லாத காட்சியகம்

தமிழர் பலர் வாழும் சிங்கப்பூரிலிருந்து ஒரு செய்தி. அந்நகரின் ஆறுகள் ஒருகாலத்தில் சாக்கடையாக நாறிக் கிடந்தன, நீர்நாய்களும் மறைந்துபோயின. 1977 முதல் 1987 வரை பத்தாண்டுக் காலம் அரசு முனைந்து சிங்கப்பூர் ஆற்றையும் காலாங் ஆற்றையும் தூய்மை செய்தது. 1990களின் இறுதியில் நீர்நாய்கள் வடபுறச் சதுப்புநிலத்தில் மீண்டும் தலைகாட்டின. பின்னர், சிமெண்டுக் கால்வாயாக இருந்த காலாங் ஆற்றின் ஒரு பகுதியைப் பீஷான் பூங்காவில் கல்லும் புல்லும் சூழ்ந்த இயல்பான ஓடையாக மாற்றியமைத்து 2012இல் திறந்தார்கள். 2014 வாக்கில் அப்பூங்காவில் ஒரு நீர்நாய்க் குடும்பம் குடியேறிற்று. இன்று அந்நகர மக்கள், வேலைக்குப் போகும் வழியில் ஆற்றங்கரையில் நின்று, நுழைவுச்சீட்டு இல்லாமலே, உலகின் எந்தக் காட்சிசாலையும் காட்டமுடியாத காட்சியைக் காண்கிறார்கள். சிலர் வீட்டுக் குளத்து வண்ணமீன்கள் பறிபோனதாக முறையிடுவதும் உண்டு. அண்டை வீட்டாரோடு வாழ்வதில் அத்தகைய சிறு பிணக்குகள் இயல்பே.

ஒரு பெருநகரம் சிமெண்டை உடைத்து ஓடையாக்கியது. இயற்கையாகவே ஓடைகள் பெற்ற நம் மலையில் நாம் என்ன செய்துகொண்டிருக்கிறோம்?

பழனிமலையின் இயல்பான புல்வெளிகளின் மேல் சென்ற நூற்றாண்டில் சீகை மரமும் தைல மரமும் பெருமளவில் நடப்பட்டன. பஞ்சுபோல் மழைநீரைத் தேக்கிவைத்து மெல்ல விடுவிப்பவை அப்புல்வெளிகளும் சோலைகளும். அவை சுருங்கியதால் கோடையில் பல ஓடைகள் மெலிந்துபோகின்றன. விளைநிலங்களில் தெளிக்கும் பூச்சிமருந்து மழையோடு ஓடைக்கு இறங்குகிறது. அங்கே முதலில் மடிவது நண்டும் தவளையும். அவை மடிந்தால் அவற்றை உண்டு வாழும் குடும்பத்துக்கு உலை இல்லை. விடுதிகளின் கழிவுநீரும் பயணிகள் எறியும் பிளாஸ்டிக்கும் இதனோடு சேர்கின்றன. கொடைக்கானலில் 2001இல் மூடப்பட்ட வெப்பமானித் தொழிற்சாலையின் பாதரசம், அருகிலுள்ள சோலையின் மண்ணிலும் நீரிலும் கலந்ததைப் பற்றிய கவலை நெடுநாள் நீடித்தது. பாதரசம் நீரிலிருந்து மீனுக்கும், மீனிலிருந்து அதனை உண்பவற்றுக்கும் ஏறி, ஒவ்வொரு படியிலும் செறிவடையும் நஞ்சு. ஓடை உயிர்களின் வரிசையில் கடைசிப் படியில் நிற்பது நீர்நாய். அந்த ஓடைநீரையே அருந்தும் மனிதனும் அதே படியில்தான் நிற்கிறான்.

இம்மலையில் ஏறக்குறைய 609 சதுர கிலோமீட்டர் பரப்பு 2013ஆம் ஆண்டில் கொடைக்கானல் வனவுயிர்ச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் ஓடை சரணாலயத்தின் எல்லைக்கல்லைப் பார்த்து நிற்பதில்லை. அது காட்டிலிருந்து வெளியேறி, அட்டுவம்பட்டியைப் போன்ற ஊர்களின் பூண்டுப் பாத்திக்கும் காரட்டுப் பாத்திக்கும் நடுவே ஓடுகிறது. எனவே நீர்நாயின் வாழ்வு வனத்துறையினர் கையில் மட்டும் இல்லை; மருந்துக் குப்பியை ஓடையில் அலம்பாத விவசாயியின் கையிலும், கரையோரம் ஒரு கோல் அகலத்துக்குப் புதர்களை வெட்டாமல் விட்டுவைக்கும் குடும்பத்தின் கையிலும் இருக்கிறது. மலைவிவசாயம் எளிதான தொழில் அன்று. விளைச்சல் பொய்த்தால் கடன். விலை வீழ்ந்தால் கண்ணீர். அவர்களைக் குறைகூறுவது நம் எண்ணமன்று. ஓடை வாழ்ந்தால் பாத்தியும் வாழும் என்பதை அவர்கள் நம்மினும் நன்கு அறிவார்கள். மலைக்காய்கறியைப் பளபளப்பாகவே வேண்டும் என்று கேட்கும் சமவெளி வாசிகளாகிய நமக்கும் இதில் பங்குண்டு.

அப்படியானால் மிருகக்காட்சிசாலையே வேண்டாமா என்று சிலர் கேட்கலாம். வேண்டாம் என்று சொல்வதற்கில்லை. ஓடை நீர்நாய் கூச்சமுள்ளது. மனித நடமாட்டம் உள்ள இடத்தில் அந்தியிலும் இரவிலும்தான் வெளிவரும். மலையில் பிறந்து வளர்ந்தவர்களே பலர் அதனைக் கண்டதில்லை. நகரத்துக் குழந்தைக்கு அப்படி ஓர் உயிர் உண்டு என்று அறிவிக்க, நன்கு அமைந்த காட்சியகம் உதவும். அடிபட்டும் தாயை இழந்தும் மீட்கப்படும் குட்டிகளுக்கு அதுவே புகலிடமாகவும் இருக்கலாம். ஆனால், பார்த்துவிட்டு வெளியே வரும் குழந்தை, எனக்கும் ஒரு நீர்நாய் வாங்கித் தாருங்கள் என்று கேட்குமானால் அக்காட்சியகம் தோற்றுவிட்டது. நம் ஊர் ஓடையில் இது இருக்கிறதா என்று கேட்குமானால் அது வென்றுவிட்டது.

அடுத்த விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு காட்சிசாலைக்குச் செல்லும் பெற்றோர், நீர்நாயின் இருப்பிடத்தின் முன் சற்று நேரம் நில்லுங்கள். தரை உலர்ந்திருக்கிறதா? நீர் ஓடுகிறதா, தேங்கி நாறுகிறதா? அது ஒளிந்துகொள்ள இடமுண்டா? துணையோடு இருக்கிறதா? ஒரே தடத்தில் ஓடுகிறதா, அல்லது தேடித் துழாவி எதையேனும் செய்துகொண்டிருக்கிறதா? இவ்வைந்து கேள்விகளையும் பிள்ளைகளைக் கொண்டே கேட்கச் செய்யுங்கள். குறை கண்டால் சினந்து பேசாமல், அங்குள்ள பார்வையாளர் ஏட்டில் அமைதியாக எழுதிவையுங்கள். நிறை கண்டால் அதையும் எழுதுங்கள்; குளிரிலும் மழையிலும் நண்டும் மீனும் சுமந்து செல்லும் காப்பாளருக்கு அச்சொல் ஊதியத்தினும் இனிக்கும்.

கொடைக்கானலுக்கே செல்வதானால், ஏரிக்கரையோடு திரும்பிவிடாமல் அட்டுவம்பட்டிப் பக்கமும் சிறிது நடந்து பாருங்கள். நீர்நாய் கண்ணில் படாமற்போகலாம். ஓடையில் ஒரு கல்லை மெல்லப் புரட்டினால் அடியில் ஒரு சிறு நண்டு விரைந்து ஓடக்கூடும். பிள்ளைகளுக்கு அதைக் காட்டிவிட்டுக் கல்லை இருந்தபடியே மீண்டும் வைத்துவிடுங்கள். அந்த நண்டு இருக்கும்வரை, அதைத் தேடி இரவில் வரும் குடும்பத்துக்கும் அந்த ஓடையில் இடம் இருக்கும்.